மழை நாளில் உறைந்த திரை

போன வாரம், ரிப்பேர் வேலை பார்க்கிற உங்களில் ஒரு தம்பி எனக்கு ஃபோன் போட்டான். பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படித்ததும் அவனே தலையில் அடித்துக்கொள்வான்.

"அண்ணே, ஒரு லேப்டாப். தனியா நல்லா ஓடுது. வெளியில ஒரு பெரிய திரையச் சொருகினா ஜேம் ஆவுதுன்னு கஸ்டமர் சொல்றாங்க. நம்ம கடையில ரெண்டு நாளாப் போட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் ஆவல. மெஷின்ல கோளாறு இல்ல, கஸ்டமர் தப்புன்னு எழுதிக் கொடுத்திடவா?"

எழுதாதே என்றேன். ஏன் அண்ணே என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், என் கோபத்துக்குக் கொடுக்கவில்லை. "எழுதாதேன்னா எழுதாதே லா!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

பிறகு பாவமாக இருந்தது. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலைதான் தெரியும். அன்றைக்கு மலையின் பாதி மேகத்துக்குள் போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே பெய்கிற மழை எது, எண்பதுகளின் கடைசியில் ஒரு தோட்டத்து ஆபீஸ் கூரையில் பெய்த மழை எது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் பெருமைப்படுகிற கதை இல்லை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நான் ஈப்போவில் தொலைக்காட்சிப் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன். தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போவேன். அப்போது எங்களுக்கு மூக்குதான் முதல் கருவி. பெட்டியின் முதுகைக் கழற்றியதும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்போம். கருகல் வாடை எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கோளாறு. மீட்டரை அப்புறம்தான் எடுப்போம்.

பிறகு கணினி வந்தது. என் தவுக்கே, அதாவது கடை முதலாளி, கேன்டனீஸ் பேசுகிற சீனர். துணிச்சலான மனிதர். கடையின் பாதியைக் கண்ணாடி வைத்து அடைத்து, ஏர்கான் போட்டு, என்னைப் பயிற்சிக்கு அனுப்பி, கழுத்தில் ஒரு டையையும் மாட்டிவிட்டார். அந்தக் குளிர் அறைக்குள் போனவன் என் மூக்கை வெளியே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டேன். அறிவு வந்துவிட்டதாம்! என்ன அறிவோ, போங்கள்.

அந்தக் காலத்து மடிக்கணினியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும். நாங்கள் போர்ட்டபிள் என்போம். அதன் திரை பாசி பிடித்த குட்டை நிறத்தில் இருக்கும். உள்ளே விளக்கு கிடையாது. எழுத்து அதில் லேசான நிழலாக ஊர்ந்து போகும். அதனால் பின்பக்கம் ஒரு மூடியைத் திறந்து, அங்கே உள்ள சாக்கெட்டில் பெரிய திரை ஒன்றைச் சொருகிக்கொள்ள வசதி வைத்திருந்தார்கள்.

அப்படி ஒரு கணினியும் பெரிய திரையும் பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு எங்கள் கடையிலிருந்து போயின. நான்தான் கடையில் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் நானே மேசையில் வைத்தேன். அந்தத் தோட்டத்தில் பாதி ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் விதைகள் பட் பட்டென்று வெடித்து உதிர்கிற பருவம். அந்தச் சத்தத்துக்கு நடுவே போகிற பாதையில் வேன் ஓட்டினால், விழித்துக்கொண்டே தூங்குவதுபோல இருக்கும்.

ஆபீசில் எஸ்தர் அக்கா இருந்தார். தோட்டத்து ஆபீஸ் எழுத்தரைக் கிராணி என்பார்கள் அல்லவா, அந்தக் கிராணி வேலையில் ஒரு பெண்ணைப் பார்ப்பது அப்போது அபூர்வம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்த, தொழிலாளிகளின் மகள். தோட்டத்துக் கோயிலுக்கு எதிரே இருந்த சின்ன சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசிப்பவர். தோட்டத்துச் சங்கதி எல்லாமே அவர் விரல் நுனியில் இருந்தது. அவரை நம்பித்தான் துரை நிம்மதியாகத் தூங்கினார். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள். நம்மைப் போல் தமிழ் பேசுகிறவர்தான். மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தோட்டத்தில் அவர் துரைதான்.

ஒரு வாரத்தில் துரை கடைக்கு ஃபோன் செய்தார். கணினி ஜேம் ஆகிறதாம். நான் மறுநாள் காலையிலேயே போனேன். நல்ல வெயில்.

"காலையில ஒழுங்கா ஓடும் தம்பி," என்றார் எஸ்தர் அக்கா. "மத்தியானத்துக்கு மேல பெரிய திரையச் சொருகி வச்சா அப்படியே நின்னு போவுது. ஒரு எழுத்து நகர மாட்டேங்குது. திரையக் கழட்டிட்டு மெஷினத் திரும்பப் போட்டா, சின்னத் திரையில ஓடுது."

"மெஷின் ஓடுறப்பவே கேபிளச் சொருகுறீங்களா?"

"இல்லையே. நீங்க சொன்ன மாதிரி அணைச்சுட்டுத்தான் சொருகுறேன்."

"அப்ப ஏதாச்சும் பொத்தான மாத்தி அழுத்தியிருப்பீங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருவது வருஷமா டைப் அடிக்கிறேன் தம்பி. எந்தப் பொத்தான அழுத்துறேன்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டு மணி நேரம் ஓட்டினேன். பெரிய திரையில் எல்லாம் பளிச்சென்று ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஈப்போவில் நான்கு இடத்தில் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் துரை தன் அறை வாசலில் வந்து நின்று கேட்டார்.

"என்னாப்பா, மெஷினா, ஆளா?"

"மெஷின் ஓக்கே சார்," என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். ஆள்தான் என்று என் வாயால் சொல்லவில்லை. ஆனால் வேலை விவரம் எழுதுகிற ஜாப் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன். இயந்திரத்தில் கோளாறு இல்லை, பயன்படுத்துபவரின் தவறு. கையெழுத்துப் போட்டு, மேல்தாளைத் துரையிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் அதை எஸ்தர் அக்காவிடம் நீட்டி, ஃபைல் பண்ணு என்றார். தன்னைக் குற்றம் சொல்லும் தாளில் அக்காவே துளை போட்டுக் கோத்து வைத்தார்.

மறுபடியும் புகார் வந்தது. இந்தத் தடவை கணினியையும் திரையையும் கடைக்கே எடுத்துவந்து குளிர் அறையில் மூன்று நாள் விடாமல் ஓட்டினேன். நிற்கவே இல்லை. மறுபடியும் அதே வரியை, போன தடவையைவிடக் கொஞ்சம் அழுத்தி எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு நமக்கு. உங்களுக்கும் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை, கடைக்கு ஃபோன் வந்தது.

"தம்பி, நான் தோட்டத்து எஸ்தர் பேசுறேன். இன்னிக்கு ஒரு தடவ வந்துட்டுப் போறீங்களா?"

"அக்கா, நான் ரெண்டு தடவ பார்த்துட்டேனே."

"திங்கக்கெழம ஹெட் ஆபீஸ்லருந்து பெரியவங்க வாராங்க. அவங்க முன்னால நான் மெஷின்ல ரிப்போர்ட் போட்டுக் காட்டணும். முடியலன்னா வேற தோட்டத்துலருந்து ஒரு ஆள மாத்திக்குவாங்க. தொரை அதுக்கு லெட்டர்கூட ரெடி பண்ணிட்டாரு. உங்க ரெண்டு ஜாப் ஷீட்டும்தான் காரணம்னு அதுல இருக்கு."

"லெட்டர்ல என்னா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே தம்பி டைப் அடிச்சேன்."

அவரே தொடர்ந்தார். "வேல போனா இந்தத் தோட்டத்து வீடும் போச்சு. பொறந்ததுலருந்து இங்கதான் இருக்கேன். எங்க போறதுன்னு எனக்குத் தெரியல."

அழவில்லை அவர். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. துரை மரங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள்ளே போயிருந்தார். எஸ்தர் அக்கா கணினியைக் காட்டவில்லை. ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

அது மழைப் புத்தகம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு தோட்டத்து ஆபீசுக்கும் வெளியே மழை அளக்கிற செப்புக் குடுவை ஒன்று வைத்திருப்பார்கள். கிராணி தினமும் மழை பெய்ததா, எவ்வளவு பெய்தது என்று அளந்து எழுதி வைக்க வேண்டும். அக்கா பல வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். கடைசி சில பக்கங்களில் சில தேதிகளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

"இதெல்லாம் மெஷின் நின்ன நாளு," என்றார். "நேத்து ராத்திரி செபம் பண்ணிட்டு உக்காந்து யோசிச்சேன். எனக்கு மெஷினப் பத்தித் தெரியாது. ஆனா இந்தப் புத்தகத்தப் பத்தித் தெரியும். பாருங்க."

பார்த்தேன். வட்டம் போட்ட ஒவ்வொரு நாளும் மழை பெய்த நாள். மழை இல்லாத நாளில் ஒரு வட்டம்கூட இல்லை. நான் முதலில் வந்து இரண்டு மணி நேரம் ஓட்டிய நாளைத் தேடினேன். மழை, சைபர். கடையில் ஓட்டிய மூன்று நாளோ ஏர்கான் அறை, காற்றில் ஈரமே கிடையாது. அலாமாக்! டை கட்டி, பயிற்சிக்குப் போய், மீட்டர் வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியாதது, செப்புக் குடுவையை வைத்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெட்கத்தில் நிமிர முடியாமல் அந்தப் புத்தகத்தையே பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வேறு ஒன்றும் கண்ணில் பட்டது. பழைய பக்கங்களில் எழுத்து கடுகு கடுகாக, கோட்டுக்குள் அடங்கி இருந்தது. வருஷம் போகப் போக எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கங்களில் ஒரு எண் இரண்டு கோடுகளை எடுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் கண் மங்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் அவருக்குப் பெரிய திரை வேண்டும். சின்னத் திரை அவருக்கு வெறும் பாசிக் குட்டை. அது எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் புரிந்தது.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"தொரைகிட்ட சொல்லிடாதீங்க தம்பி," என்றார் மெதுவாக. "பெரிய திரை இருந்தா என்னால எல்லாம் முடியும். டாக்டரு ஆப்பரேஷன் பண்ணலாம்னு சொல்லியிருக்காரு. அதுக்கு இன்னும் கொஞ்ச நாளு ஆவும்."

"சொல்ல மாட்டேன் அக்கா."

பிறகு நாங்கள் இருவரும் செய்த வேலை, மழைக்குக் காத்திருந்ததுதான். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு டெக்னீஷியன் வேலை நேரத்தில் பால் ஊற்றாத கோப்பி-ஓ குடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கென்று மழை வர மாட்டேன் என்றது. கணினியையும் பெரிய திரையையும் ஓடவிட்டோம். அக்கா எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே ரப்பர் விதைகள் வெடித்தன. தூரத்தில் ஒரு லாரி போய்க்கொண்டே இருந்தது, போய் முடியவே இல்லை. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு பச்சையாகி, மரங்களுக்கு நடுவே தேங்கி நின்றது. எனக்கு அங்கே எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவசரமே இருந்ததில்லை என்றுகூடத் தோன்றியது. இன்றைக்கும் மதியத்தில் கண்ணயர்ந்தால் அந்த ஆபீசுக்குத்தான் போய்ச் சேருகிறேன்.

மூன்று மணிக்கு மழை வந்தது. மலைப்பக்கமிருந்து மரங்களின் மேலேயே நடந்து வந்து தகரக் கூரையில் ஏறியது. மரச் சட்டம் போட்ட சன்னல் வழியாகப் புகைபோல ஈரம் உள்ளே வந்தது. காகிதங்கள் துவண்டன. அக்கா டைப் அடித்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் போனது. திடீரென்று விசைச் சத்தம் நின்றது.

"நின்னுடுச்சு தம்பி."

எழுந்து போய்ப் பார்த்தேன். பெரிய திரையில் ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. ஒரு இயந்திரம் கெட்டுப்போனதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

எல்லாவற்றையும் அணைத்தேன். கேபிளைக் கழற்றினேன். கணினியைத் திருப்பி, முதுகுப் பக்கத்து மூடியை நன்றாக விலக்கினேன். என்னை அறியாமல், அந்தப் பழைய தொலைக்காட்சிக் காலத்து வழக்கத்தில், சாக்கெட்டில் மூக்கை வைத்து மோந்தேன்.

கருகல் வாடை இல்லை. சந்தனம் மணத்தது.

முதலில் கனவு என்று நினைத்தேன். மறுபடியும் மோந்தேன். சந்தனம்தான். கூடவே லேசாகப் பன்னீர்.

"அக்கா, இதுல யாராச்சும் சந்தனம் வச்சீங்களா?"

"நான் சர்ச்சுக்குப் போறவ தம்பி. இந்த ஆபீசுல ஏது சந்தனம்?"

எனக்குத் தெரியும் ஏது என்று.

அந்த வருஷம்தான் எங்கள் கடையில் முதன்முதலாக ஆயுத பூஜை கும்பிட்டோம். நான்தான் தவுக்கேயிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ரிப்பேருக்கு வந்த, டெலிவரிக்குப் போகிற பொருள்களைத் தொடக்கூடாது. "ஒராங் புஞ்ஞா பாராங், ஜாங்கான் மாயின்-மாயின்," என்றார் மலாயில். அடுத்தவர் பொருள், விளையாடாதே என்று. சரி தவுக்கே என்று தலையாட்டினேன். பூஜை அன்று என் மீட்டர், சூட்டுக்கோல், திருப்புளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அலமாரியில் ஊருக்கே புதிதாக வந்ததுபோல அந்தக் கணினி தனியாக உட்கார்ந்திருந்தது. நம் வீட்டு விசேஷத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட மனம் வருமா? எனக்கு வரவில்லை. முகத்தில் வைத்தால் கறை படியும் என்று முதுகில், சாக்கெட்டுக்கு மேலே, விரல் நிறையச் சந்தனம் எடுத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் குழைத்த சந்தனம். அது வழிந்து கீழே இறங்கியிருக்கிறது. மறுநாள் வெளியே துடைத்துவிட்டு மூடியைச் சாத்திவிட்டேன். சாக்கெட்டின் பிளாஸ்டிக்கும் வெளிறிய மஞ்சள், காய்ந்த சந்தனமும் அதே நிறம். பார்த்தால் தெரியாது.

காய்ந்திருக்கும்போது அது சும்மா கிடக்கும். மழை ஈரத்தைக் குடித்ததும் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மின்சாரம் கசியும். பெரிய திரையைச் சொருகாதவரை அந்தக் கம்பிகளுக்கு வேலையே இல்லை, அதனால் தனியாக ஓட்டினால் எதுவும் ஆகாது. விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு துளையின் ஓரத்தில் குங்குமம் ஒரு புள்ளி, அவ்வளவு சிவப்பாக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆபீஸ் முதலுதவிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது. என் பையில் பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தது. ஒவ்வொரு துளையாகக் கழுவினேன். மேசை விளக்கின் சூட்டில் வைத்து உலர்த்தினேன். கேபிளைச் சொருகி ஓட்டினேன். கூரையில் மழை இடித்துக்கொண்டிருந்தது. அரை மணி, முக்கால் மணி, ஒரு மணி. நிற்கவே இல்லை.

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கேளுங்கள்.

அந்த நேரத்தில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும்தான். சந்தனத்தைக் கழுவிவிட்டேன், சாட்சியும் போய்விட்டது. லூஸ் கனெக்‌ஷன் அக்கா, இறுக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா திங்கட்கிழமை ரிப்போர்ட் போட்டுக் காட்டிவிடுவார். எல்லாம் முடிந்துவிடும். தவுக்கேக்குத் தெரியாது. சொன்ன பேச்சை மீறி அடுத்தவர் பொருளைத் தொட்டதற்கு அவர் என்னை அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். எனக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வாய் வரைக்கும் வந்துவிட்டது, லூஸ் கனெக்‌ஷன் என்று.

ஆனால் ஃபைலில் அந்த இரண்டு தாள்கள் இருந்தன. திங்கட்கிழமை இயந்திரம் ஓடினாலும், என்றைக்காவது ஒரு நாள் யாராவது அந்த ஃபைலைத் திறந்தால், இந்தப் பெண் இரண்டு தடவை தப்பு செய்தவள் என்று என் கையெழுத்து சொல்லிக்கொண்டே இருக்கும். கணினி சரியாகிவிட்டது. அவர் பெயர் சரியாகவில்லை.

"அக்கா," என்றேன், "இது என் தப்பு." எல்லாவற்றையும் சொன்னேன். தவுக்கே சொன்னதை, நான் மீறியதை, விரல் நிறைய எடுத்ததை.

பெரிய திரையில் எழுத்துகள் பளிச்சென்று தெரிய, அந்த வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"சாமி காரியம். நல்லது நெனச்சுத்தானே வச்சீங்க," என்றார் கடைசியில். "அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா ஆளு தப்புன்னு எழுதினது சாமி இல்லையே."

செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. நான் மூன்றாவது ஜாப் ஷீட்டை எடுத்தேன். இரண்டு விஷயம் எழுத வேண்டியிருந்தது. முதலாவது என் தப்பைப் பற்றி. இரண்டாவதை எழுதுவதற்கு முன் யோசித்தேன். அக்காவின் கண்ணைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பொய்யும் எழுதக்கூடாது. கணினியின் சின்னத் திரையை அந்த மழை இருட்டில் பார்த்தேன். நல்ல கண் இருந்த எனக்கே பாதி எழுத்துதான் தெரிந்தது. அதை அப்படியே எழுதினேன்.

துரை நனைந்துபோய்த் திரும்பி வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, ஓடுகிற திரையைப் பார்த்தார்.

"என்னாப்பா, இப்பவாச்சும் சொல்லு. மெஷினா, ஆளா?"

"ஆளுதான் சார்," என்றேன். "ஆனா எஸ்தர் அக்கா இல்ல. நான்."

தாளைக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். முகம் சிவந்தது. "உன் பேப்பர நம்பி நான் ஹெட் ஆபீசுக்கு லெட்டர் போட இருந்தேனே! ஒரு மனுஷியோட வேல போயிருக்குமேப்பா!" என்று கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். கத்தி முடித்துவிட்டு, "எஸ்தர், அந்த லெட்டரக் கொண்டா," என்றார். அக்கா கடிதத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். துரை அதை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அந்தக் காலத்துத் துரைகளுக்கு அது தெரியாது. துண்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார்.

தவுக்கே என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அன்று மாலையே போய்ச் சொன்னேன். அவர் என்னை ரொம்ப நேரம் முறைத்துவிட்டு, இனி டெலிவரி எல்லாவற்றையும் வேறு ஆள் சரிபார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்றார். ஒரு வருஷம் அந்த அவமானத்தைச் சுமந்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் பார்த்தால், கஸ்டமர் பொருள்கள் எல்லாவற்றையும் அவரே சீனப் பத்திரிகைத் தாளால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். பூஜையை நிறுத்தவில்லை. எஸ்தர் அக்கா திங்கட்கிழமை ரிப்போர்ட்டைப் போட்டுக் காட்டினார், பிறகு கண்ணுக்கு ஆப்பரேஷனும் செய்துகொண்டார், அந்த மேசையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். முதல் அட்டையில் எழுத்து பெரிதாக இருந்தது. அப்புறம் கடுகாகிவிட்டது.

ஆனால் எனக்கு அந்த மத்தியானம் முடிகிற இடம் இதெல்லாம் இல்லை. துரை உள்ளே போன பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எஸ்தர் அக்கா கூப்பிட்டார். துரை மேசையில் விட்டுப்போன ஜாப் ஷீட் அவர் கையில் இருந்தது. ஃபைலையும் துளை போடும் கருவியையும் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, எனக்கு இந்த எழுத்து சரியாத் தெரியல. என்னா எழுதியிருக்கீங்கன்னு படிங்க."

வாங்கினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கிப் படித்தேன். "கோளாறு எங்கள் கடையிலேயே ஏற்பட்டது. என் தவறு. முன்பு இரண்டு தடவை எஸ்தர் அவர்களின் தவறு என்று நான் எழுதியது பொய்யானது. இந்தக் கணினியின் சொந்தத் திரை இங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது, எப்போதும் பெரிய திரையையே பயன்படுத்த வேண்டும்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ படிங்க தம்பி," என்றார். "மழச் சத்தத்துல சரியாக் கேக்கல."

மழை அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. நான் இன்னொரு தடவை, முதலிலிருந்து, சத்தமாகப் படித்தேன்.